லாபிஸில் வந்து விழுந்த கதை

எனக்கு ஏணியில் மூன்றாவது படி ஏறினாலே தலை சுற்றும். மலாயாவில் லாபிஸ் தபால் ஆபீசில் தந்தி கிளார்க்காக இருந்த காலத்தில், சுவரில் உயரமாக மாட்டியிருந்த கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் வேலையைத் திங்கட்கிழமைதோறும் பியூன் தலையில் கட்டிவிடுவேன். "ஐயாவுக்கு முட்டி வலி" என்று அவன் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தான். நானும் மறுக்கவில்லை. பயம் என்று சொல்வதைவிட முட்டி வலி கௌரவமாக இருந்தது. அப்படிப்பட்ட நான்தான், ஜப்பான்காரன் ஆண்ட கடைசி வருஷத்தில் ஒரு விடியற்காலை, ஆகாய விமானத்தின் வயிற்றிலிருந்த ஓட்டை வழியாக ஜோகூர் காட்டை நோக்கிக் குதித்தேன். அதற்கு முன் ஒரு தடவைகூடக் குதித்தவனில்லை.

இதைக் கேள்விப்பட்டு யாராவது என்னை வீரன் என்றால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வீரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. லாபிஸில் என் மனைவியும் மகளும் இருந்தார்கள். மூன்றரை வருஷமாக அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே எனக்குத் தெரியாது. அவர்களிடம் போய்ச் சேர வேறு வழி எதுவும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

சண்டை வருவதற்குச் சற்று முன்னால் நாகப்பட்டினத்திலிருந்து சேதி வந்தது. அப்பா போய்விட்டார். நான் ஒரே ஆண்பிள்ளை. கொள்ளி வைக்கத்தான் கொடுத்துவைக்கவில்லை, பதினாறாம் நாள் கருமாதிக்காவது போய்ச் சேர வேண்டும் என்று துடித்தேன். பினாங்கு வரை ரயில், அங்கிருந்து ஒரு வாரம் கப்பல். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். இரண்டு நாள் மிச்சமிருந்தது. உடனே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்தேன்.

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"மாமா போயிட்டாங்க. இனிமே நீங்க போயி அவங்கள எழுப்பவா போறீங்க? இங்கயே ஆத்தோரமா பண்டாரத்த வெச்சு செஞ்சிடலாங்க. சண்ட வரப்போவுதுன்னு கடையில எல்லாரும் பேசிக்கிறாங்க."

"ஒத்தப் புள்ள இல்லாம கருமாதியா? ஊர்ல நாலு பேரு காறித் துப்புவான்."

"அந்த நாலு பேருக்குப் பயந்துதான் எங்க ரெண்டு பேர விட்டுட்டுப் போறீங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சரியான இடத்தில் குத்தினால் யாருக்கும் கோபம் வரும். அவளைக் கையைப் பிடித்து எழுப்பிவிட்டுத் துணிகளை அடுக்கினேன். ஸ்டேஷனுக்கு வந்தாள். இரண்டு வயது மகள் அவள் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தாள். "ஆறு வாரம், கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள வந்துடுவேன்" என்று சன்னல் வழியாகக் கத்தினேன். என் மனைவி தலையை மட்டும் ஆட்டினாள்.

கருமாதியைக் குறையில்லாமல் செய்தேன். மொட்டை போட்டேன், பிண்டம் வைத்தேன், நாலு பேரும் வயிறாரச் சாப்பிட்டு வாயாரப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்த மொட்டைத் தலையில் மயிர் முளைப்பதற்குள் சண்டை வந்துவிட்டது. கப்பல் நின்றது, கடிதம் நின்றது, தந்தியும் நின்றது. தை போய் மாசி பிறந்த கையோடு சிங்கப்பூரும் விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் வாழ்ந்தேன் என்று சொல்ல மாட்டேன். அக்காள் வீட்டுத் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டு, பகலில் நாகப்பட்டினம் தந்தி ஆபீசில் கூலிக்குத் தந்திக் கட்டை தட்டினேன். மலாயாவிலிருந்து எப்படியோ தப்பி வந்த ஒருவன் ஒரு கதை சொல்வான், இன்னொருவன் அதற்கு நேர்மாறாகச் சொல்வான். அரிசி இல்லை என்பான் ஒருவன். உடுத்தத் துணி இல்லை என்பான் ஒருவன். ஆண்களைப் பிடித்து எங்கேயோ ரயில் பாதை போடக் கொண்டுபோகிறார்கள் என்பான் வேறொருவன். ஆண்கள் என்றுதானே சொன்னான் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வேன். அக்காள் சோற்றைத் தட்டில் போட்டதும், என் மகள் இந்த நேரத்துக்கு என்ன தின்றிருப்பாள் என்ற நினைப்பு வந்து தட்டைத் தள்ளிவைத்துவிடுவேன். ஒருநாள் அக்காள் பொறுமை இழந்து, "நீ பட்டினி கெடந்தா அவுங்களுக்கு வயிறு ரொம்பிடுமா?" என்று கத்தினாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் சோறு இறங்கவில்லை.

அந்த நிலையில்தான் மலாயாவில் இருந்தவர்கள், மலாய் பேசத் தெரிந்தவர்கள், தந்திக் கட்டை தட்டத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று, ஜப்பான்காரனுக்குத் தெரியாமல் மலாயாவுக்குள் இறக்க வெள்ளைக்காரப் பட்டாளம் ஆள் எடுக்கிறது எனக் காதில் விழுந்தது. மறுநாளே மதராஸுக்கு ரயில் ஏறினேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார கேப்டன் இருந்தார். லாபிஸ், செகாமட் பக்கத்து வரைபடம் ஒன்றை விரித்து, ஆறு எங்கே, பாலம் எங்கே, எஸ்டேட்டுகள் எங்கே என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். அவருக்குத் திருப்தி. பிறகு, உயரம் என்றால் பயமா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"லாபிஸ் பக்கம் உறவுக்காரர் யாராவது உண்டா?"

அங்கே குடும்பம் உள்ளவர்களை அனுப்ப மாட்டார்கள் என்று வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதே கேட்டு வைத்திருந்தேன். இறங்கியதும் வீட்டைப் பார்க்க ஓடுவான், பிடிபடுவான், மற்றவர்களையும் காட்டிக்கொடுப்பான் என்று அவர்களுக்கு ஒரு பயம். நியாயமான பயம். நான் ஓடத்தான் நினைத்திருந்தேன்.

"யாரும் இல்லை. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை" என்றேன். நாக்கு கூசியது. வெளியே வந்ததும் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தேன்.

பயிற்சி என்று வடக்கே எங்கேயோ கொண்டுபோனார்கள். மரத்தால் கட்டிய கோபுரத்திலிருந்து கயிற்றைக் கட்டிக் குதிக்கவிட்டார்கள். மூன்றாம் நாள் கணுக்கால் பிசகியது. மற்றவர்கள் நிஜ விமானத்திலிருந்து குதித்துவிட்டு வந்து பெருமை பேசியபோது, நான் காலில் கட்டோடு உட்கார்ந்து அவர்களுக்கு டீ ஆற்றிக் கொடுத்தேன். என்னைத் திருப்பி அனுப்பத்தான் இருந்தார்கள். ஆனால் எங்கள் கூட்டத்துக்கு வைத்திருந்த ஒயர்லெஸ்காரனைக் கிளம்பும் வாரத்தில் மலேரியா போட்டுவிட்டது. கேப்டன் என்னைக் கூப்பிட்டார். "நீ குதித்ததே இல்லை. வேண்டாம் என்று சொன்னால் யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டார்கள்" என்றார். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. வருகிறேன் என்றேன்.

கேப்டனும் நானும் போக, எங்களோடு குதிக்க வந்த மூன்றாவது ஆள் செகாமட் பக்கத்து மலாய்க்காரர். கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் வளர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர்தான் எனக்கு அவசரப் பாடம் நடத்தினார். சாப்பாட்டு மேசையின் மேல் என்னை ஏற்றி, கால்களைச் சேர், முட்டியை மடக்கு, கீழே பார்க்காதே என்று ஒரு மாலை முழுவதும் குதிக்கவைத்தார். முப்பத்திரண்டு வயதில், பிள்ளை பெற்றவன், மேசையிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து மேசைக்கும் தவளை மாதிரி தாவிக்கொண்டிருந்தேன். சமையல்காரன் பார்த்துச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு நெடுநாள் சிரித்ததாக நினைவில்லை.

விமானம் இரவு முழுவதும் பறந்தது. குளிரில் பல் தந்தியடித்தது. என்ஜின் சத்தத்தில் பேச்சே கேட்காது. இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். வெளுக்கிற நேரத்தில், விமானத்தின் தரையிலிருந்த பலகையை ஒரு வெள்ளைக்காரப் பையன் தூக்கினான். கிணற்று வாய் அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் அடியில், வெகு தூரத்துக்குக் கீழே, கறுப்பாக மலாயா ஓடிக்கொண்டிருந்தது.

மலாய்க்காரர் என் காதருகே வாயை வைத்து, "தாக்குட் கே, பாங்?" என்று கத்தினார். பயமா அண்ணே என்கிறார்.

"சிக்கிட்" என்றேன். கொஞ்சம்தான்.

அவர் என் முழங்கால்களைச் சுட்டிக்காட்டினார். இரண்டும் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தன.

ஒவ்வொருவர் முதுகுப் பையிலிருந்தும் ஒரு பட்டை நீண்டு, விமானத்தின் உள்ளே ஓடிய கம்பியில் மாட்டியிருந்தது. விழுந்தால் அந்தப் பட்டை இழுத்துப் பாராசூட்டை விரித்துவிடும். நாம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, விழுந்தால் போதும் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை எரிந்ததும் கேப்டன் ஓட்டையில் காணாமல் போனார். மலாய்க்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அவர் பின்னால் போனார். நான் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டேன். காற்று என் கால்களைப் பிடித்து இழுத்தது. நான் இரண்டு கையாலும் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கீழே பார்க்காதே என்றார்களே, பார்த்துவிட்டேன். காடு முடிந்து ரப்பர் தோட்டம் தொடங்குவது தெரிந்தது. அதற்கு அப்பால், மண்ணில் விரலால் கோடு போட்ட மாதிரி ரயில் பாதை. என் ரயில் பாதை. அது எங்கே வளைகிறது என்று எனக்குத் தெரியும். அந்த வளைவுக்குப் பக்கத்தில்தான் தபால் ஆபீஸ், அதற்குப் பின்னால் என் குவாட்டர்ஸ். விமானம் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைக்காரப் பையன் என் முதுகில் அடித்தான். நான் விடவில்லை. மறுபடி அடித்தான். பயத்தில் கை இறுகிக் கிடந்ததா, இன்னும் கொஞ்சம் போகட்டும், வீட்டுக்குப் பக்கத்தில் விழலாம் என்று வேண்டுமென்றே பிடித்துக்கொண்டேனா? எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்கே தெரியவில்லை. கடைசியில் அவன் பூட்ஸ் காலால் எட்டி உதைத்தான்.

விழுந்தேன். அதைக் குதித்தது என்று சொல்வது பொய். வயிறு மேலேயும் நான் கீழேயும் போனோம். "ஐயோ அம்மா" என்று அலறியது எனக்கே கேட்கவில்லை. வாய்க்குள் காற்று புகுந்து சத்தத்தை உள்ளேயே தள்ளியது. ஆகாயம் காலடியில் வந்தது, பிறகு மரங்கள் வந்தன, மறுபடி ஆகாயம் வந்தது. செத்தேன் என்று முடிவு கட்டினேன். பெண்சாதியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காமல் சாகிறோமே என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. அந்தச் சமயம் தோளில் யாரோ பிடித்து வெடுக்கென்று தூக்கினார்கள். நிமிர்ந்தால் தலைக்கு மேல் வெள்ளையாக ஒரு பெரிய துணி விரிந்து நின்றது.

அப்புறம் ஒரே அமைதி. விமானச் சத்தம் தேய்ந்துபோயிற்று. எங்கோ ஒரு சேவல் கூவியது. ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு சேவல் கூவுவதைக் கேட்டேன். வரிசை வரிசையாக ரப்பர்ப் பால்மரங்கள், வகிடெடுத்துச் சீவிய தலை போல. தகரக் கூரைகள். தோட்டக் கூலிகள் குடியிருக்கும் ஒரு லயத்துக் கூரையிலிருந்து மெல்லிய புகை. எந்த வீட்டிலோ அடுப்பெரிகிறது, ஆட்கள் இருக்கிறார்கள், எல்லாரும் செத்துப்போய்விடவில்லை. தலைசுற்றல் எங்கே போயிற்றோ. அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "பாப்பா, அப்பா வந்துட்டேன்" என்று உரக்கச் சொன்னேன். யார் கேட்கப்போகிறார்கள்?

மரம் வந்து இடித்தது. கிளைகள் ஒடிந்தன, முகமெல்லாம் கீறியது, துணி உச்சியில் மாட்டிக்கொண்டது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நான் ஊசலாடினேன். பழைய கணுக்கால் மறுபடி போயிருந்தது.

கீழே ஒரு பெண் நின்றாள். கையில் பாராங் கத்தி, காலடியில் பிடுங்கிப் போட்ட மரவள்ளிக் கிழங்கு. உடம்பில் அரிசிச் சாக்கு. தலைக்கும் கைகளுக்கும் மூன்று ஓட்டை போட்டு, இடுப்பில் கொடியைக் கட்டியிருந்தாள். நாற்பது வயது இருக்கும், எலும்பாக இருந்தாள். துணிப் பஞ்சம் என்று கேள்விப்பட்டிருந்தேனே தவிர, இப்படி என்று நினைக்கவில்லை. பார்வையை விலக்கிக்கொண்டேன்.

அவள் ஓடவில்லை. கத்தியை ஓங்கிக்கொண்டு, "யார்ரா நீ? ஜப்பான்காரனா, வெள்ளக்காரனா?" என்றாள்.

"அக்கா, நான் தமிழன்க்கா."

"தமிழன் ஆகாசத்துலேர்ந்தா வருவான்? எந்த எஸ்டேட்டுடா நீ?"

மரத்தில் தலைகலைந்து தொங்குகிறவனிடம் எந்த எஸ்டேட்டு என்று கேட்கிறாள். மலாயாவில் ஒரு தமிழன் இன்னொரு தமிழனைக் கண்டால் கேட்கும் முதல் கேள்வி அதுதான். மூன்றரை வருஷம் கழித்து அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கத்தியை இறக்கினாள்.

மரத்தில் ஏறி, கயிறுகளை ஒவ்வொன்றாக வெட்டி என்னை இறக்கினாள். அந்த எலும்பு உடம்பில் அவ்வளவு தெம்பு எங்கிருந்ததோ. பிறகு துணியை உச்சியிலிருந்து பதமாக எடுத்து, கீழே போட்டு, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். துணியைப் புதைத்துவிட வேண்டும் என்பது எங்களுக்கு முதல் கட்டளை.

"அலமாக், அம்மாடி, எவ்வளவு துணி! வீட்டுல எனக்கும் என் மவளுக்கும் ஒரே சாரோங்குதான். அவ கட்டுனா நான் சாக்கு, நான் கட்டுனா அவ சாக்கு. இதுல கொஞ்சம் குடுத்துட்டுப் போப்பா."

"ஜப்பான்காரன் பார்த்தா தலைய எடுத்துருவான் அக்கா."

"சேத்துல ஊறப்போட்டு, மங்குஸ்தான் தோல்ல போட்டு அவிச்சா யாருக்குத் தெரியப்போவுது? தல இருந்து மானம் இல்லாம என்னா பண்றது?"

கட்டளையாவது ஒன்றாவது. வெட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அவள் உட்கார்ந்து கிழிக்கத் தொடங்கினாள். நான் மரத்தில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, மூச்சைக் கட்டுப்படுத்திக்கொண்டு, யாரோ மாதிரி கேட்டேன்.

"லாபிஸ் தபால் ஆபீசுல ஒரு தந்தி கிராணி இருந்தாரே. அவர் சம்சாரம், கைப்பிள்ளைக்காரி. எங்க இருக்காங்கன்னு தெரியுமா?"

"தெரியுமாவா? எங்க லயந்தான். பக்கத்து வீடு. ஆபீசு வீட்ட ஜப்பான்காரன் புடுங்கிக்கிட்டான். அதுவும் புள்ளயுமா இங்க வந்துச்சுங்க. மம்பட்டி புடிச்சுப் பழக்கமில்லாத கை, பாவம், கொப்புளம் கொப்புளமா போயி அழும். தாலிய வித்து அரிசி வாங்குச்சு, வெறும் மஞ்சக் கயிறுதான் கழுத்துல. அந்தக் கிராணி இருக்கானே, செத்துப்போன அப்பனுக்குச் சோறு வெக்கப் போனவன்! உசிரோட இருக்குற புள்ளைக்குச் சோறு இல்ல. நல்லா இருப்பானா?"

"இப்ப வீட்டுல இருக்காங்களா?" என்றேன்.

"எங்க இருக்கு? சயாமுக்குப் போயிடுச்சு. ரெண்டு வருசம் ஆவப்போவுது."

அவள் துணியைக் கிழித்துக்கொண்டே சொன்னாள். ஸ்டேஷனில் கூலிக்கு ஆள் சேர்க்க ஒருவன் வந்தானாம். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், சாப்பாடு உண்டு, துணி உண்டு, பெண்டு பிள்ளைகளும் வரலாம் என்றானாம். அந்தப் பாதை பர்மாவுக்குப் போகிறது என்றும் சொன்னானாம். என் மனைவி அதைப் பிடித்துக்கொண்டாளாம். பர்மாவுக்கு அடுத்தது இந்தியாதானே என்று லயத்து வாசலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினாளாம். இது லாபிஸ், இது சயாம், இது பர்மா, இது நாகப்பட்டினம்.

"நாலே கோடுதான் அக்கான்னுச்சு. போவாதடி, அது ஆள் புடிக்கிறவன் பேச்சுன்னு காலப் புடிச்சேன். கேக்கல. பாதை முடிஞ்சா மொத ரயில்லயே போயிடுவேன், இல்லன்னா நடந்தே போயிடுவேன்னுச்சு. புள்ளயத் தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு. இங்கேர்ந்து போன ஆம்பளைங்களே திரும்பலியேப்பா, பொம்பள என்னா பண்ணும்?"

என் மனைவி பள்ளிக்கூடத்தில் படித்தவள். படிக்காதவளாக இருந்திருந்தால் போயிருக்க மாட்டாள். படத்தில் எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்ததுதான் அவளுக்கு வினையாயிற்று. என்னைத் தேடி வடக்கே போயிருக்கிறாள். நான் அவளைத் தேடி அவள் தலைக்கு மேலேயே பறந்து தெற்கே வந்திருக்கிறேன். வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதேன். சத்தம் வரக்கூடாது என்ற புத்தி மட்டும் எப்படியோ இருந்தது. தலையை மரத்தில் முட்டினேன். இன்னும் முட்டினேன்.

துணி கிழியும் சத்தம் நின்றது. அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து குந்தி, என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"நீங்க... கிராணி ஐயாவா?"

தலையை ஆட்டினேன். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். தான் பேசின பேச்செல்லாம் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. எழுந்து நின்று, சாக்கைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு, மனப்பாடம் ஒப்பிக்கிறவள் போலச் சொன்னாள்.

"உங்களுக்கு ஒண்ணு சொல்லச் சொல்லிட்டுப் போச்சு. 'அவருகிட்டேர்ந்து ஏதாச்சும் சேதி வந்தா, அங்கயே இருக்கச் சொல்லு அக்கா. மனசு கேக்காம கெளம்பி வந்துடப் போறாரு. நான் வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லு.' அவ்வளவுதாங்க. நாந்தான் யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியாம வெச்சிருந்தேன்."

மலாய்க்காரர் என்னைத் தேடிக் கண்டுபிடித்தபோது வெயில் வந்துவிட்டது. அவள் துணியைக் கிழங்குக் கூடையின் அடியில் வைத்துக்கொண்டு போயிருந்தாள். என் முகத்தைப் பார்த்து, கால் அவ்வளவு வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் என்னை முதுகில் சுமந்துகொண்டு காட்டுக்குள் போனார். சண்டை முடியும் வரை அங்கே உட்கார்ந்து கட்டை தட்டினேன். என்னென்னவோ சேதிகள் அனுப்பினேன். ஒன்றும் மனத்தில் இல்லை.

ஜப்பான்காரன் தோற்றதும் கேப்டனிடம் உண்மையைச் சொல்லி, சயாமுக்குப் போக அனுமதி கேட்டேன். அவர் திட்டவில்லை. சீட்டு எழுதிக் கொடுத்தார். பாதை நெடுகப் போனேன். மூங்கில் கொட்டகை கொட்டகையாக விசாரித்தேன். தமிழர்களுக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது. எங்கே புதைத்தார்கள் என்பதற்கு அடையாளமும் கிடையாது. ஓரிடத்தில் ஒரு கிழவர், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, இங்கிருந்து நாகப்பட்டினம் எத்தனை நாள் நடை என்று எல்லாரையும் கேட்டுத் திரிந்த ஒரு பெண்ணைத் தெரியும் என்றார். பிறகு என்ன ஆனாள்? காலரா வந்தபோது முகாமைப் பிரித்துவிட்டார்கள், தெரியாது என்றார். செத்தாள் என்று யாராவது சொல்லியிருந்தால் அழுது முடித்திருப்பேன். அதைச் சொல்லவும் ஆளில்லை.

லாபிஸுக்குத் திரும்பி, பழைய வேலையிலேயே சேர்ந்தேன். கப்பல் விட்டதும் அக்காள் கடிதம் போட்டாள். இங்கே வந்துவிடு, தனியாக அங்கே என்ன இருக்கிறது என்று எழுதியிருந்தாள். டிக்கெட் எடுக்கப் பினாங்கு வரை போய்க்கூட நின்றேன். என் மனைவி என்னை நாகப்பட்டினத்திலேயே இருக்கச் சொன்னவள். நடந்தே போயிருந்தால் இந்நேரம் நாகப்பட்டினத்து வாசலில் வந்து நிற்கக்கூடும். ஆனால் நடக்க முடியாமல் திரும்பியிருந்தால் லாபிஸுக்குத்தானே வருவாள்? ஒருதரம் நான் போனேன், அவள் இங்கே நின்றாள். மறுதரம் நான் வந்தேன், அவள் அங்கே போய்விட்டாள். இந்தத் தடவையும் மாறிப் போனால்? வரிசையில் எனக்கு முன்னால் இரண்டே பேர் இருந்தபோது விலகி வெளியே வந்துவிட்டேன்.

ஆகாயத்திலிருந்து விழுந்தவனுக்குக் கப்பல் ஏறத் தைரியம் வரவில்லை. அவள் வந்தால் ஒரு நிமிஷம்கூட வெளியே நிற்கவைக்காமல் உள்ளே கூட்டிக்கொள் என்று அக்காளுக்கு எழுதினேன். நான் லாபிஸிலேயே இருக்கிறேன்.